பட்டறையில் மிஞ்சிய தூண்

மயிலாடி
9.3.2025

ஏட்டி பிரிஜா,

நாலு நாளாக உன் நம்பருக்கு ரிங் போகவில்லை. திற்பரப்பில் டவர் இல்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நந்தனாதான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தி உங்கள பிளாக் பண்ணியாச்சும்மா" என்று சிரித்தாள். பெற்ற பிள்ளைக்கே என் அவமானம் வேடிக்கையாக இருக்கிறது. தபால்காரரை நீ பிளாக் பண்ண முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

உன் புது வீட்டுப் பால்காய்ச்சு அன்று நான் பேசியது தப்பு. பால் பொங்கி, பெண்கள் குரவையிட்டு, எல்லாரும் அண்ணாந்து மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், "இந்தச் சண்டை மட்டும் நிக்காம இருந்தா அடுத்த வருசம் மாடியும் எழும்பிரும்" என்றேன். சண்டை நடக்கிற அந்த இஸ்ரேலில்தான் உன் முருகதாஸ் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறான் என்பது எனக்கு மறந்தா போயிற்று? உன் மாமியார் காதைப் பொத்தியதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு பந்தியில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. தப்புதான். ஆனால் பொய் என்று மட்டும் எழுத மாட்டேன்.

நீயே யோசித்துப் பார். பதினோரு வருஷம் எங்கள் கல் பட்டறையில் பாலீஷ் போட்டவன் அவன். உளி பிடித்தது உன் அத்தான், பளபளப்பு ஏற்றியது அவன். சனிக்கிழமை கூலியை என் கையால்தான் வாங்குவான், தலை நிமிராமல். அதே முகத்தை அன்றைக்கு ஒரு பெரிய டி.வி. திரையில் வீடியோ காலில் ஓடவிட்டு, அவன் அங்கே சிரிக்கச் சிரிக்க நீங்கள் எல்லாரும் இங்கே சோறு தின்றீர்கள். எனக்குப் பப்படம் கூட இறங்கவில்லை. இதைப் பொறாமை என்பார்கள். ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கதை உனக்குத் தெரியும். ஜெர்மனிக்குப் போக வேண்டிய பதினோரு சிலைகள் வைக்கோல் சுற்றியபடி பட்டறையில் கிடக்கின்றன. செங்கடலில் கப்பலை ஏவுகணை அடிக்கிறதாம், ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டுமாம், கப்பல் கூலி மூன்று மடங்காம். கடைசியில் வாங்குகிறவன் வேண்டாம் என்று ஒரே வரியில் மெயில் போட்டுவிட்டான். சண்டை ஒன்றுதான் பிரிஜா. அது உன் வீட்டில் கான்கிரீட் போட்டது, என் வீட்டில் அடுப்பை அணைத்தது. யாரிடம் போய்ச் சண்டை போட?

கூலிக்கு ஆளும் கிடைக்கவில்லை. நம் தெருவில் மட்டும் ஐந்து பேர் இஸ்ரேலுக்குப் போயாயிற்று. மிச்சமிருக்கிற பாலீஷ்காரர்கள் இரட்டைக் கூலி கேட்கிறார்கள். ஜெர்மனிக்குச் சிலை செய்த உன் அத்தான் கடைசியில் செய்த வேலை என்ன? தன்னிடம் வேலை பார்த்தவன் வீட்டு முன்வாசல் சிட்டவுட்டுக்கு நாலு தூண்.

தூணைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

எழுத வந்தது இதுதான். முருகதாஸை அனுப்பின ஏஜென்டின் நம்பர் வேண்டும். உன் அத்தானையும் அனுப்பப்போகிறேன். சகலைத் தம்பிக்குக் கிடைத்தது அண்ணனுக்கும் கிடைக்கட்டும்.

நாகம்மை


திற்பரப்பு
22.3.2025

அக்காவுக்கு,

முதலில் ஒன்று. என் வீட்டுக்காரரை இனிமேல் "அவன்" என்று எழுதாதே. உன் பட்டறையில் "ஏலே பாலீசு" என்று நீ கூப்பிட்டதெல்லாம் அவர் காதில் இன்னும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் அவரைக் கூட்டிப்போக நான் பட்டறை வாசலில் வந்து நின்றேன், கூடப்பிறந்தவள் என்று பார்க்காமல் என் முன்னாலேயே அப்படிக் கூப்பிட்டாய். நந்தனா சடங்கு வீட்டில் எங்களை எத்தனாவது பந்தியில் உட்கார வைத்தாய் என்பதும் ஞாபகம் இருக்கிறதா? கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்துபோயிருந்தது. நீ கட்டி மடித்துத் தந்த சேலைகளை நான் முந்திரி ஆலைக்குக் கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்கு இருந்த பொறாமைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் நோட்டுப்புத்தகம் பத்தாது.

ஏஜென்ட் நம்பர் தர மாட்டேன். அத்தானுக்கு நாற்பத்தெட்டு வயது. நாற்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது, எழுத மனமில்லை. நான் மட்டும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தரவில்லை என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

தூணைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பார்க்கிறவர்கள் எல்லாம் கொள்ளாம் கொள்ளாம் என்று மெச்சுகிறார்கள். அபினாவுக்கு ஆறு வயதாகிவிட்டது, இன்னும் ஊஞ்சல் வேண்டும் என்று அழிச்சாட்டியம். சிட்டவுட்டில் கிழக்கோரத் தூணுக்கும் அடுத்த தூணுக்கும் குறுக்கே கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருட்டும்வரை அதில்தான்.

பிரிஜா


மயிலாடி
6.4.2025

பிரிஜா,

நம்பர் தர மாட்டேன் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் அத்தானிடம் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைக்காமலே, "எனக்க கை செலை கொத்தின கை. இடிஞ்ச வீட்டுக்குத் தரை போட நான் போவ மாட்டேன். நீ வேணும்னா போ ஏட்டி" என்றார். கௌரவத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. நந்தனாவின் காலேஜ் பீஸுக்கு என் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. சண்டையில் தங்கம் ஏறுகிறது என்று டி.வி.யில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நகை பீரோவில் இருக்கிறவளுக்கு அது சந்தோஷம்தான். அடகுக்கடையில் இருக்கிறவளுக்கு?

இன்னொரு கூத்தையும் கேள். நம் நிழல்தாங்கல் கோயில் திருநாளுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே வரி, அது உனக்கே தெரியும். இருக்கிறவன் கூடுதல் தர முடியாது, இல்லாதவன் குறைக்க முடியாது. ஒரே பானையில் பொங்கி, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்த வருஷம் பொன்னுலிங்கம் பெண்டாட்டி எழுந்து, வரியை மூன்று மடங்காக்க வேண்டும், பந்தல் பெரிதாகப் போட வேண்டும் என்றாள். பொன்னுலிங்கமும் இஸ்ரேலில்தான் கம்பி கட்டுகிறான். "எல்லாருக்கும் ஒண்ணு போலத்தானே கேக்குகோம்" என்று வேறு சொன்னாள். முடியாது என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. கம்மலைக் கழற்றி அடகு வைத்து வரி கட்டினேன். ஒரே வரிசையில்தான் உட்கார்ந்தேன், பக்கத்தில் இருக்கிறவளின் வளையலை எண்ணிக்கொண்டு.

ஊஞ்சலை அவிழ்த்துவிடு. பிள்ளைகள் விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் முற்றத்துப் பலாவில் கட்டிக்கொடு. கட்டாயம் அவிழ்த்துவிடு. அவிழ்த்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

நாகம்மை


திற்பரப்பு
24.4.2025

அக்காவுக்கு,

என் பிள்ளை ஊஞ்சல் ஆடுவதும் உனக்குப் பொறுக்கவில்லையா? அவிழ்க்க மாட்டேன். கிழக்கோரத் தூண்தான் அவளுக்கு இஷ்டம். இப்போதெல்லாம் அதில் முதுகைச் சாய்த்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

எழுத மனமில்லை என்ற காரணத்தை இப்போது எழுதுகிறேன். அங்கே சைரன் அடித்தால் ஒன்றரை நிமிஷம். அதற்குள் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிலவறைக்குள் ஓட வேண்டும். ஒருநாள் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அடித்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஓடினார். அவர் செருப்புச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்ப லைனில் வந்து, "டைல்ஸ் பசை காய்ஞ்சிருக்கும், இன்னைக்கு உள்ள கூலி போச்சு" என்கிறார். உயிர் பிழைத்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? இங்கே சுவர் இடிந்தால்தான் எனக்கு வேலை என்று இன்னொரு நாள் சொன்னார். போனை அபினா கையில் கொடுத்துவிட்டேன்.

உன் வீட்டில் சாயங்காலம் ஆனால் உளிச் சத்தம் நிற்கும், அத்தான் கை கழுவி உள்ளே வருவார். அதைத்தான் நீ அனுப்பப் பார்க்கிறாய். நீ என் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய். நான் உன் வீட்டு வாசலில் கழற்றிக் கிடக்கிற ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். யாருடையது பெரியது என்று நீயே சொல்லு.

பிரிஜா


மயிலாடி
8.6.2025

பிரிஜா,

ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன். நந்தனா போனிலிருந்து இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். "ஹலோ, நந்து மக்கா" என்று உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். ஒருநாள் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறினேன். மார்த்தாண்டம்வரை வந்தேன். அங்கே இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

நேற்றிரவு உன் அத்தான் உனக்குப் போன் செய்து, நாலு தூணில் ஒன்று உள்ளே விரிசல் உள்ள கல், பிள்ளையைத் தூண் பக்கத்தில் விடாதே, என் கைப்பிசகு, வெள்ளிக்கிழமை டெம்போ கிடைக்கும், வேறு தூணோடு வருகிறேன் என்று சொன்னார். அவர் சொன்னதில் ஒன்று பொய். அது அவர் கைப்பிசகு இல்லை. என் கை.

நாலு தூண் கேட்டால் ஐந்து செதுக்குவது அவர் பழக்கம். செதுக்கி முடித்ததும் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல கல் மணி போலக் கேட்கும். விரிசல் உள்ளது சட்டியைத் தட்டினது போலக் கேட்கும். ஐந்தில் ஒன்று சரியில்லை. அதில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, கப்பல் ஏஜென்டைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனார். மறுநாள் லாரி வந்தது. லாரி நிற்கும்போதே நீ போன் செய்தாய். மறந்திருப்பாய். ஹாலுக்குக் கிரானைட் வேண்டாம், அது இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது, மார்பிள் போடப்போகிறோம் என்றாய்.

கிரானைட்டில் பிழைக்கிறவன் வீட்டுக்காரியிடம் சொல்கிறோம் என்று உனக்குத் தோன்றவில்லை. வேண்டுமென்று சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. போனை வைத்ததும் ஒரு ஈரத்துணியை எடுத்தேன். குறியை அழித்தேன். நல்ல தூண் ஒன்றில் அதே குறியைப் போட்டேன். லோடு ஏற்றுகிறவர்களிடம், "குறி போட்டத விட்டுட்டு மத்த நாலையும் ஏத்துங்க" என்றேன். அத்தனை பெரிய வீட்டில் எங்கேயாவது ஒரு குறை இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கூரை அதன் மேல் நிற்கும் என்று நினைக்கவில்லை. பிள்ளையை நினைக்கவே இல்லை. நீ ஊஞ்சல் என்று எழுதிய அன்றையிலிருந்து கண்ணை மூடினால் அபினாதான்.

நேற்று உன் அத்தான், வேலை இல்லாமல் சும்மா இருப்பதற்கு அந்த வேஸ்ட் தூணை உடைத்து நாலு அம்மியாவது அடிக்கலாம் என்று சுத்தியலை எடுத்தார். உடைப்பதற்கு முன்னால் தட்டினார். கணீர் என்றது. மறுபடி தட்டினார். மூன்றாவது தடவையும் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். உள்ளே போய் உனக்குப் போன் செய்து, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். கல்லில் அவர் பெயர் ஒன்றுதான் இந்த வீட்டில் மிச்சமிருந்த சொத்து. அதையும் எனக்காக உன்னிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ராத்திரி பட்டறையில் படுத்தார். காலையில் நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போனேன். அங்கே சாமிச் சிலையா இருக்கிறது, ஒரு விளக்கும் ஒரு கண்ணாடியும்தான். கண்ணாடியில் என்னைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

நீ ஊருக்கெல்லாம் சொல்லு. போலீசுக்குப் போனாலும் போ. அத்தானை மட்டும் தப்பாக நினைக்காதே. ஏஜென்ட் நம்பரும் வேண்டாம். முருகதாஸ் தம்பியிடம், அவரைக் கூப்பிட்ட பெயருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு.

அக்கா


திற்பரப்பு
15.6.2025, மதியம்

அக்காவுக்கு,

இதை அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை வந்தார். நேற்றுப் புதுத் தூணை நிறுத்தியாயிற்று. தட்டிக் காட்டினார், நன்றாகவே கேட்கிறது. தன் தப்பு என்றுதான் இப்போதும் சொல்கிறார். உன் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நீ சொல்லிக்கொள்.

அந்தத் தூண் சரியில்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும். பால்காய்ச்சுக்கு முன்பே தெரியும். தூண் நிறுத்திய அன்றைக்கு என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டச் சொல்லி, போனைக் கல்லோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பதினோரு வருஷம் உன் பட்டறையில் நின்ற காது அல்லவா. கிழக்கோரத்தைத் தட்டியதுமே, "அது பொய்க்கல்லு, ஒடனே முட்டு குடு" என்றார். அதற்கு ஒட்டி ஒரு இரும்புக் குழாய் நிறுத்தினோம். பால்காய்ச்சு அன்று குலைவாழை கட்டி மறைத்தோம். பிறகு மணிப்பிளாண்ட் ஏற்றிவிட்டேன். "அண்ணனுக்கக் கண்ணு தப்பிப்போச்சு போல. கஷ்டத்துல இருக்காரு, சொல்லி நாணங்கெடுத்தாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் அத்தான் தப்பு என்றுதான் நம்பினேன்.

நீ தூணைப் பற்றிக் கேட்டு எழுதினாய் பார், அப்போதுதான் சந்தேகம் வந்தது. அதனால்தான் ஊஞ்சல் கதையை எழுதினேன். ஊஞ்சல் பலாவில்தான் கட்டியிருக்கிறது, முதல் நாளிலிருந்தே. நீ பதறி அவிழ்க்கச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் அபினா அதில் சாய்ந்து படிக்கிறாள் என்று எழுதினேன். நீ ஆறு வாரம் தூங்காமல் கிடக்க வேண்டும் என்றே எழுதினேன். ஆக, நீ கல்லில் செய்ததை நான் காகிதத்தில் செய்தேன். நாம் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. இப்போது அதற்கு எனக்கு நேரமும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்து அங்கே ஈரானோடு சண்டை. நீயும் டி.வி.யில் பார்த்திருப்பாய். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக்காரர் பேசினார். நிலவறையில் நாற்பது பேர் நிற்கிறோம், காற்று இல்லை என்றார். ஏர்போர்ட் மூடியாச்சு, வர வழியில்லை என்றார். அப்புறம் லைன் போனது. இதுவரை இல்லை. பொன்னுலிங்கம் அண்ணனும் எடுக்கவில்லை. அத்தான் இரண்டு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டடம் இடிந்து விழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அதன் வாசலில் டைல்ஸ் தெரிகிறதா என்று நான் பார்க்கிறேன். அபினா, "அப்பா போட்டதாம்மா?" என்று கேட்கிறாள்.

உன் கடிதத்தில் ஒரே ஒரு வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. தூண் விஷயம் இல்லை. அத்தான் பேசாமல் பட்டறையில் போய்ப் படுத்தார் என்று எழுதியிருந்தாய். வீட்டிலிருந்து பதினைந்து அடி தூரம். அதைப் போய்ப் பெரிய துக்கமாக எழுதியிருக்கிறாயே அக்கா. கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று வந்தது.

இந்த வீடு பெரியது. ஒரு ஆள் இருமினால் எதிரொலிக்கிறது. மாமியார் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அத்தானுக்கு டெம்போ வாடகை ஏறுகிறது, இனியும் நிற்கச் சொல்ல முடியாது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. அவர் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், அப்போது நான் வேறு ஆளோடு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பஸ் ஏறி வா. மார்த்தாண்டத்தில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதே.

பிரிஜா